வீட்டு உறக்கப் பரிசோதனை: கருவி சொல்வதும் சொல்லாததும்

எங்கள் உறக்க மருத்துவப் பிரிவின் மேசைக்கு ஒவ்வொரு நாள் காலையும் சிறு பைகள் சில வந்து சேரும். மதிய உணவு எடுத்துச் செல்லும் பையின் அளவே இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்று, மார்பையும் வயிற்றையும் சுற்றிக் கட்டும் பட்டைகள், மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய், விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர், இவற்றோடு நான்காக மடித்த ஒரு தாள். முந்திய நாள் மாலை நோயாளியோ உறவினரோ எடுத்துச் சென்ற பை அது. ஓர் இரவு முழுவதும் ஒருவருடைய மூச்சைக் கணக்கெடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

பெட்டியைக் கணினியில் இணைப்பதற்கு முன்னர் அந்தத் தாளைத்தான் இப்போது நாங்கள் முதலில் படிக்கிறோம். முன்பு அவ்வாறு செய்யவில்லை. தாளே அப்போது கிடையாது. அது எப்படி வந்தது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறோம். வீட்டில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள இருப்பவர்களுக்கும் அவர்களுடன் இருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் எங்களிடம் வந்தார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. அவராக வரவில்லை, மனைவி அழைத்து வந்தார் என்பதே சரி. கணவரின் குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே பேசத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்றது. குறட்டை திடீரென்று அடங்கும், அறை அமைதியாகிவிடும், அந்த அமைதியில்தான் தமக்கு விழிப்பு வரும் என்றார். எழுந்து உட்கார்ந்து மனத்துக்குள் எண்ணுவாராம். இருபது வரை எண்ணியும் மூச்சு வராவிட்டால் கணவரின் தோளைப் பிடித்து உலுக்குவாராம். ஓட்டுநர் இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் உட்கொண்டுவந்தார், அழுத்தம் குறையவில்லை. மாலையில் பள்ளி விடுவதற்காக வாசலில் காத்திருக்கும்போது இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். கழுத்தின் சுற்றளவு 43 சென்டிமீட்டர்.

கழுத்தை ஏன் அளந்தோம் என்று சிலர் வியக்கலாம். கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. ஸ்டாப்-பேங் என்பது அதன் பெயர். உரத்த குறட்டை, பகலில் சோர்வு, உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டிருத்தல், உயர் இரத்த அழுத்தம், மிகுந்த உடற்பருமன், ஐம்பதைக் கடந்த வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்து, ஆணாக இருத்தல் ஆகியவற்றுள் எத்தனைக்கு ‘ஆம்’ என்று விடை வருகிறது என்பதே கணக்கு. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் உறக்க மூச்சுத்தடை இருக்க வாய்ப்பு மிகுதி. அவருக்கு ஆறு வந்தது.

வீட்டுக் கருவியைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் காலை அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஏழு மணி நேரப் பதிவு, அறுபடாத அலைகள், மணிக்கு இரண்டு மூச்சுத்தடைகள். ‘இயல்பு’ என்று அச்சிட்ட அறிக்கையில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

ஒரு மாதம் கழித்துத் தமது சர்க்கரைப் பரிசோதனைக்காக வந்த மனைவி, மாடியேறி எங்கள் பிரிவுக்கும் வந்தார். “ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே தம்பி, ராத்திரி மூச்சு நிக்கிறது மட்டும் நின்னபாடில்லையே” என்று எங்கள் தொழில்நுட்பரிடம் கேட்டார். பரிசோதனை நடந்த இரவைப் பற்றி அப்போதுதான் முதன்முறையாக விசாரித்தோம். “அன்னிக்கு அவரு தூங்கவே இல்லையே. சுவத்துல சாஞ்சு உக்காந்து விடிய விடிய டிவி பாத்துக்கிட்டிருந்தாரு. நோவு இருக்குன்னு எழுதிட்டா வண்டிய வாங்கிருவாங்கன்னு பயம்” என்றார்.

பழைய பதிவை மீண்டும் திறந்து பார்த்தோம். உடல் எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் வரி, ஏறத்தாழ முழு நேரமும் அவர் நிமிர்ந்து அமர்ந்திருந்ததைக் காட்டிற்று. நாடித்துடிப்பும் மூச்சும் விழித்திருப்பவருக்கு உரிய ஏற்ற இறக்கத்தோடு இருந்தன. எல்லாம் எங்கள் கண்முன்னேயே இருந்திருக்கின்றன. மென்பொருள் தொகுத்துத் தந்த முதல் பக்கத்தை மட்டும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு மாதமும் அவர் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார். விபரீதம் ஏதும் நிகழவில்லை. அதற்கு நாங்கள் காரணமல்ல.

கருவி எதை அளக்கிறது

உறங்கும்போது தொண்டைத் தசைகள் எல்லாருக்கும் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதை குறுகிக் குறட்டை எழுகிறது. சிலருக்கு அப்பாதை முற்றிலும் மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் மூச்சுக்கு முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே செல்லாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை நோயாளியைச் சற்றே உறக்கத்திலிருந்து எழுப்பும். ஒரு திணறலோடு மூச்சு மீளும். காலையில் அவருக்கு இதில் எதுவும் நினைவிராது. இதையே ஸ்லீப் ஆப்னியா என்கிறோம்.

காற்றோட்டம் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ குறைந்து, 10 விநாடிகளாவது அவ்வாறே நீடித்தால் அது ஒரு மூச்சுத்தடை. முழுவதும் நிற்காமல், குறைந்தது 30 சதவிகிதம் தணிந்து, அதனோடு ஆக்சிஜனும் இறங்கினால் அது குறைமூச்சு. இவ்விரண்டையும் கூட்டி மணிக்கு எத்தனை என்று வகுக்கிறோம். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை எனவும், 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது எனவும் கொள்வது வழக்கம்.

வீட்டுக் கருவியின் மூக்குக் குழாய், மூச்சு வந்து போகும்போது உண்டாகும் காற்றழுத்த மாற்றத்தை உணர்கிறது. குறட்டையையும் அதே குழாயில் எழும் அதிர்விலிருந்துதான் எங்கள் கருவி அறிகிறது. அறையில் நடக்கும் பேச்சை அது பதிவு செய்வதில்லை. இதைப் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பட்டைகள் மார்பும் வயிறும் விரிவதையும் சுருங்குவதையும் காட்டுகின்றன. காற்று நின்றபோதும் மார்பு அசைந்துகொண்டிருந்தால் அடைப்பு தொண்டையில் உள்ளது. மார்பும் அசையாதிருந்தால் மூளையின் கட்டளையே வரவில்லை என்று பொருள். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள், சிகிச்சையும் வேறு. விரல் நுனியின் ஆக்சிமீட்டர், ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970-களில் கண்டறிந்த முறைப்படி, ஒளியை விரலுக்குள் செலுத்தி ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது.

கொரோனா நாள்களில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. படுக்கும் முன் அதை மாட்டிப் பார்த்து, “98 இருக்கிறதே, எனக்கு எப்படி இந்த நோய் இருக்கும்” என்று கேட்பவர்கள் உண்டு. விழித்திருக்கும் நேரத்து 98, உறக்கத்தில் மூச்சு நின்ற அரை நிமிடத்தைப் பற்றி எதையும் சொல்லாது. மற்றொன்றும் நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது. ஆக்சிமீட்டரின் ஒளி தோலினூடே செல்வதால் தோலின் நிறமும் கணிப்பைச் சற்றுப் பாதிக்கிறது. மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை இக்கருவிகள் காட்டத் தவறுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே அறிக்கையிலுள்ள ஆக்சிஜன் எண்ணை நாங்கள் தனியாகப் பிரித்துப் படிப்பதில்லை. காற்றோட்ட வரியோடு சேர்த்தே படிக்கிறோம்.

கருவி எதை அறியாது

நோயாளி உறங்கினாரா என்பதைப் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் அறியமாட்டா. உறக்கம் மூளையில் நிகழ்வது, அதை ஈ.ஈ.ஜி. அலைகளைக் கொண்டே உறுதி செய்ய இயலும். மருத்துவமனையில் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் கால்களிலும் உணரிகள் ஒட்டுகிறோம். தொழில்நுட்பர் ஒருவர் விடியும் வரை திரையைக் கவனித்திருக்கிறார். வீட்டுக் கருவியில் இவை இல்லை. ஆகவே அது உறங்கிய நேரத்தால் வகுக்காமல், பதிவு ஓடிய நேரத்தால் வகுக்கிறது.

இது சிறு வேறுபாடன்று. ஒருவருக்கு இரவில் 70 மூச்சுத்தடைகள் நேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரப் பதிவு என்றால் மணிக்கு 10; இலேசானது என்று அறிக்கை வரும். அவர் உண்மையில் உறங்கியது நான்கு மணி நேரமே என்றால் மணிக்கு 17.5, நடுத்தரம். புதிய இடம் போலக் கருவியும் உறக்கத்தைக் கலைக்கக்கூடியது என்பதால், இந்த இரண்டாம் நிலை அரிதானதன்று. மேலும், ஆக்சிஜன் அதிகம் இறங்காமல் உறக்கத்தை மட்டும் கலைக்கும் குறைமூச்சுகள் சிலருக்கு உண்டு. குறிப்பாக உடல் மெலிந்த பெண்களிடம் இதைக் காண்கிறோம். மூளை அலை இல்லாத கருவி அவற்றைத் தவறவிடும்.

இதனால் வீட்டுப் பரிசோதனை பயனற்றது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 2008-இலேயே இதை ஏற்று, இதன் அடிப்படையில் சிபாப் கருவிக்கு அனுமதி அளிக்கத் தொடங்கியது. நோய் இருக்கும் வாய்ப்பு மிகுந்தவரிடம் வீட்டுக் கருவி ‘இருக்கிறது’ என்று சொன்னால், அச்சொல்லை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம். ‘இல்லை’ என்று அது சொல்லும்போதுதான் நாம் நிதானிக்க வேண்டும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது: அறிகுறிகள் உள்ள ஒருவருக்கு வீட்டுப் பரிசோதனை நோயில்லை என்று காட்டினாலோ, தெளிவற்ற முடிவைத் தந்தாலோ, பதிவு குறைபட்டிருந்தாலோ, அடுத்த படி மருத்துவமனையில் முழுப் பரிசோதனை. நாங்கள் அந்த ஓட்டுநருக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

சிலருக்கு வீட்டுக் கருவி தொடக்கத்திலேயே உகந்ததன்று. இதயம் அல்லது நுரையீரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், மூச்சுத் தசைகளைப் பலவீனமாக்கும் நரம்பு-தசை நோயுள்ளவர்கள், கடும் வலிக்காக ஓபியாய்டு வகை மருந்துகளை நெடுநாளாக உட்கொள்பவர்கள், உறக்கமே வராமல் அவதிப்படுபவர்கள் ஆகியோரை நேரே முழுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். குழந்தைகளுக்கும் அவ்வாறே. “பெரியவருக்குக் கொடுத்த கருவியைப் பேரனுக்கும் ஓர் இரவு கட்டிப் பார்க்கலாமா” என்று ஒரு தாத்தா கேட்டார். வேண்டாம் என்று சொன்னோம்.

அந்த ஓர் இரவு

கருவியைக் கொண்டு செல்பவர்கள் அன்றைய நாளை வழக்கம்போல் கழிப்பதே நல்லது. மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டா. மதிய உறக்கம் வழக்கமில்லையெனில் அன்று புதிதாக வேண்டா. மூக்கடைப்பும் சளியும் இருந்தால் மூக்குக் குழாயில் காற்றோட்டம் பதிவாகாது. தொலைபேசியில் சொல்லுங்கள், வேறொரு நாள் தருகிறோம். ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் நகச்சாயம் இருந்தால் நீக்கிவிடுங்கள். விரல் மிகக் குளிர்ந்திருந்தாலும் பதிவு மங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பவர்கள் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பட்டைகளை மெல்லிய பனியன் மீதோ சட்டை மீதோ கட்டுங்கள். விரல் ஒன்று உள்ளே நுழையும் அளவு தளர்வு போதும். மூக்குக் குழாயைக் காதுகளின் பின்னே கொண்டுசென்று தாடையின் கீழ் இறுக்கி, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் இரவில் நழுவாது. இவ்வொரு பிளாஸ்திரி எத்தனையோ பதிவுகளைக் காப்பாற்றியிருக்கிறது. கட்டிலானாலும் பாயானாலும் நீங்கள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில், வழக்கமான முறையில் படுங்கள். மின்சாரம் நின்றாலும் பதிவு நிற்காது. கருவி பேட்டரியில் இயங்குகிறது. அதிர்ச்சி தாக்குமோ என்ற அச்சமும் வேண்டா. கழிப்பறைக்கு எழுந்தால் எதையும் கழற்றாமல் அப்படியே சென்று வரலாம். விரலிலிருந்து ஆக்சிமீட்டர் நழுவிவிட்டால் மீண்டும் மாட்டிக்கொள்ளுங்கள். காற்றோட்டமும் ஆக்சிஜனும் தெளிவாகப் பதிவான நேரம் 4 மணிக்குக் குறைந்தால் அந்தப் பரிசோதனையை நாங்கள் ஏற்பதில்லை.

பையிலுள்ள தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி நோயாளிக்கு: எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தீர்கள், உறக்கம் வர எவ்வளவு நேரமாயிற்று, இடையில் எத்தனை முறை விழித்தீர்கள், வழக்கமான இரவோடு ஒப்பிட்டால் எப்படி. இரண்டாம் பகுதி, அதே அறையில் உறங்குபவருக்கு. அவர் கண்விழித்துக் காவல் இருக்க வேண்டியதில்லை. தாமாக விழித்தபோது கண்டதை எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்கள் பை திரும்பும்போது வாயால் சொல்லலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அண்மையில் ஒரு தாளில், பென்சிலால், “அப்பா 2 மணிக்கு மேல் தூங்கவில்லை. மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டாம் என்றார்” என்று எழுதியிருந்தது. பள்ளி மாணவியின் கையெழுத்து. அந்தத் தந்தையை மறுமுறை வரவழைத்தோம்.

அறிக்கையின் சொல்லையும் மாற்றியிருக்கிறோம். ‘இயல்பு’ என்று இப்போது எழுதுவதில்லை. ‘இப்பதிவில் மூச்சுத்தடை காணப்படவில்லை’ என்றும், அதன் கீழே, உறங்கியதாக நோயாளி கூறும் நேரமும், அடுத்து என்ன செய்வது என்ற மருத்துவரின் குறிப்பும் இருக்கும். அக்குறிப்பு இல்லாத அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுநரிடம் மருத்துவர் நெடுநேரம் பேசினார். அறிக்கையை நோயாளியிடம் மட்டுமே தருகிறோம், பணியிடத்துக்கு அனுப்புவதில்லை என்று முதலில் சொன்னார். இதை நாங்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சிகிச்சை பெறாத மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து அபாயம் மிகுதி என்பதையும், முறையான சிகிச்சையால் அது குறைகிறது என்பதையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அவர் ஒருவாறு இசைந்து, மருத்துவமனையில் ஓரிரவு தங்கினார். அன்று உறங்கினார். மணிக்கு 38 மூச்சுத்தடைகள். பகல் உறக்கம் அடங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகக் கூறியதால், அவருடைய மைத்துனர் மூன்று வாரம் வேனை ஓட்டினார்.

சிபாப் என்பது மூக்கில் அணியும் முகமூடியின் வழியே மெல்லிய காற்றழுத்தத்தைச் செலுத்தி, தொண்டை மூடாமல் திறந்து வைக்கும் சாதனம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981-இல் இம்முறையை வெளியிட்டார்கள். ஓட்டுநருக்கு முதல் வாரம் அது பிடிக்கவே இல்லை. நள்ளிரவில் தம்மையறியாமல் கழற்றி எறிந்துவிடுவார். முகமூடியின் அளவை மாற்றிக் கொடுத்த பிறகு பழகிக்கொண்டார். இப்போது இரவில் குறட்டை இல்லை. அமைதி கேட்டதும் விழித்துக்கொள்ளும் பழக்கம் தமக்குத்தான் இன்னும் போகவில்லை என்று அவர் மனைவி சொல்கிறார்.

தனியாக வசிப்பவர்களின் தாளில் இரண்டாம் பகுதி வெறுமையாக வரும். அவர்களுக்குப் பை வந்து சேர்ந்த அன்று காலை பத்து மணிக்குள் நாங்களே தொலைபேசியில் அழைக்கிறோம். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உறக்கம் வந்ததா என்பதே எங்கள் முதற்கேள்வி.